அர்த்தம் சொல்லப்பட்ட மலை

நாகமலை புதுக்கோட்டையில் குடியிருப்பவர்கள் மலையைத் தேடிப் போக வேண்டியதில்லை. துணி உலர்த்த மாடிக்குப் போனால் எதிரே கிடக்கும். தேனி சாலையோடு கூடவே வந்து, ஓரிடத்தில் மேடாகி, இன்னோரிடத்தில் தாழ்ந்து, மறுபடி நெளிந்து போகும். அதற்குப் பாம்பு என்று பேர் வைத்தவனுக்குப் பெரிய கற்பனை எதுவும் தேவைப்பட்டிருக்காது.

சென்ற மார்கழியில் எங்கள் பக்கத்துக் கோயில் மண்டபத்தில் ஒரு சொற்பொழிவு. சடங்குகளுக்கும் தெய்வ உருவங்களுக்கும் பின்னால் இருக்கும் தத்துவங்கள் என்பது பொருள். பேசியவர் பேர் இங்கே வேண்டாம். அவரைப் போல நூறு பேர் பேசுகிறார்கள். அதையே விடிந்ததும் ஆயிரம் பேர் பூப்படம் போட்டுக் கைப்பேசியில் அனுப்புகிறார்கள். நல்ல குரல், தட்டுத் தடங்கல் இல்லாத பேச்சு. தேங்காய் உடைப்பது ஆணவத்தை உடைப்பது. மொட்டை போடுவது ஆணவத்தைக் களைவது. பிள்ளையாரின் காலடியில் இருக்கும் எலி அடங்கிய ஆணவம். கருப்பசாமி கையிலுள்ள அரிவாள் அறியாமையை வெட்டும் ஞானம். இப்படியே வந்து உள்ளூருக்கும் வந்தார். திருவிளையாடலில் சமணர்கள் மதுரை மேல் ஏவிய யானை ஆணவம், பாம்பு கன்மம், பசு மாயை. மும்மலமும் இறைவன் அருளால் அசைவற்றுக் கல்லாகிவிட்டன. யானைமலை, நாகமலை, பசுமலை என்று நாம் சொல்வது மூன்று மலங்கள் அடங்கிய நிலையை. மண்டபத்தில் ஒரு பெருமூச்சு. தினமும் பஸ்ஸுக்கு நிற்கும்போது பார்க்கும் மலைக்குள் இவ்வளவு இருக்கிறதா என்ற பெருமூச்சு.

பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்தார். "ஐயா, கதையில சமணருங்க அனுப்புனாங்கன்னு வருதே. அந்தச் சமணருங்க யாரு?"

சொற்பொழிவாளர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "சமணர் என்பது நமக்குள் எழும் சந்தேகம். அவிசுவாசம். அதுதான் யானையாகவும் பாம்பாகவும் வருகிறது" என்றார். கைதட்டல். பெரியவர் உட்கார்ந்துவிட்டார். எனக்கு உட்கார முடியவில்லை. இந்தக் கட்டுரை அங்கே எழுந்தது.

ஒப்புக்கொள்ள வேண்டியதை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். உருவத்துக்கு உட்பொருள் காண்பது நேற்று முளைத்த வழக்கம் இல்லை. திருமூலரே முப்புரம் எரித்த கதையை மும்மலமாகப் படித்து, மூன்று ஊர்களை நிஜமாகவே எரித்தார் என்பவர்களை மூடர்கள் என்றார். மனவாசகங்கடந்தாரின் உண்மை விளக்கம், கூத்தப்பெருமானின் துடியில் படைப்பையும், அமைத்த கையில் காத்தலையும், அனலில் அழித்தலையும், ஊன்றிய காலில் மறைத்தலையும், தூக்கிய திருவடியில் அருளலையும் கண்டது. கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசாமி, இந்தத் தமிழ் நூல்களை அடியொற்றித்தான் 1918-இல் சிவ நடனம் பற்றிய தம் கட்டுரைத் தொகுப்பை உலகத்தின் முன் வைத்தார். 1975-இல் காப்ராவின் இயற்பியல் நூலும், 2004-இல் ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தில் இந்தியா நிறுத்திய நடராசர் சிலையும் அந்தக் கட்டுரையின் பேரப்பிள்ளைகள். கண்ணதாசனின் அர்த்தமுள்ள இந்துமதம் பத்துப் பாகங்களும், பகுத்தறிவுக்காரர்களின் கேலிக்கு முன் வாயடைத்து நின்ற எத்தனையோ வீடுகளுக்கு ஒரு பதிலைக் கொடுத்தன. வெளிநாட்டில் வளரும் பிள்ளை, "உங்கள் சாமிக்கு ஏன் யானைத்தலை?" என்று வகுப்பில் கேட்கப்பட்டு வீட்டுக்கு வந்து நிற்கும்போது, தாய்க்குக் கையில் ஏதோ ஒன்று வேண்டும்தான்.

ஆனால் உண்மை விளக்கத்துக்கும் மார்கழி மண்டபத்துக்கும் நடுவில் ஒன்று மாறிவிட்டது. உண்மை விளக்கம் மாணவன் கேட்க ஆசிரியர் சொல்லும் நூல். முப்பத்தாறு தத்துவம், ஐந்தெழுத்து, ஐந்தொழில் என்று ஒரு கட்டுக்கோப்புக்குள் நின்று பேசுகிறது. அங்கே துடிக்கு ஒரு பொருள் என்றால் அது அடுத்த உறுப்பின் பொருளோடு பொருந்தியாக வேண்டும். கையில் வந்ததைச் சொல்லிவிட முடியாது. இன்று நாம் கேட்பது கட்டுக்கோப்பு இல்லாத பொருள். பாதிரிமாரின் ஏளனத்துக்கும், பிறகு சுயமரியாதைக்காரர்களின் ஏளனத்துக்கும் பதிலாகத் தயாரித்த கவசம். எதிரி போய்ப் பல காலம் ஆன பிறகும் கழற்றாமல் போட்டுக்கொண்டு அலைகிறோம். மெட்டி நரம்பைத் தூண்டுகிறது, மணியோசை கிருமியைக் கொல்கிறது என்கிற 'அறிவியல் காரணங்கள்' இந்தக் கவசத்தின் மலிவுப் பதிப்பு. அதற்கு ஒரு வரிக்கு மேல் செலவழிக்க விருப்பமில்லை.

கட்டுக்கோப்பு போனால் என்ன ஆகும்? பாம்பையே எடுத்துக்கொள்வோம். நாகமலையில் அது கன்மம். சிவன் கழுத்தில் குண்டலினி. பெருமாள் படுக்கையாகும்போது காலம். கண்ணன் அதன் தலையில் ஏறி ஆடினால் ஆசை. அரசமரத்தடியில் மஞ்சள் பூசிக்கொண்டு பின்னி நிற்கும்போது பிள்ளைவரம். ஒரு மணி நேரப் பேச்சில் ஒரே பாம்பு ஐந்து சட்டை உரித்தது. யாரும் கேட்கவில்லை. ஆணவமோ இதற்கு நேர்மாறு. அங்கே ஒரே பொருள் பல சட்டைகள் போட்டது: தேங்காய் ஆணவம், தலைமயிர் ஆணவம், எலி ஆணவம், முயலகன் ஆணவம், மகிடன் ஆணவம், சூரன் ஆணவம், யானை ஆணவம். திருச்செந்தூரில் நடப்பதும் தில்லையில் நடப்பதும் பழனியில் நாவிதர் கத்தியின் கீழ் நடப்பதும் ஒன்றேதான் என்றால், ஊருக்கு ஊர் வேறு வேறாக ஏன் செய்தார்கள்? எல்லாப் பூட்டையும் ஒரே சாவி திறக்கிறதென்றால் அது சாவி இல்லை, கடப்பாரை.

என் பழைய புகார் இதற்கும் கீழே இருக்கிறது. முப்பது வருடமாக வைத்திருக்கிறேன். இந்த விளக்கங்கள் 'என்ன' என்று மட்டும் கேட்கின்றன. 'யார்' என்று ஒருபோதும் கேட்பதில்லை. யார் செய்தார், யாருக்குச் செய்தார், யாரைச் செய்யவிடவில்லை, யாரை எதிர்த்துச் செய்தார் என்பதெல்லாம் அர்த்தம் உள்ளே வந்ததும் வெளியே போய்விடுகின்றன. பெரியவர் கேட்டது 'யார்' என்ற கேள்வி. கிடைத்தது 'என்ன' என்பதற்கான பதில். கைதட்டியவர்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

அன்று அந்த மண்டபத்திலிருந்து கிளம்பினால் பதினைந்து நிமிட ஸ்கூட்டர் பயணத்தில் கீழக்குயில்குடி. அங்கே இருக்கும் குன்றுக்கு ஊரார் இன்றும் சொல்லும் பேர் சமணர்மலை. அடிவாரத்தில் தாமரைக்குளம், ஆலமரம், அய்யனாரும் கருப்பசாமியும் இருக்கும் கோயில். ஒரு பக்கம் ஏறினால் செட்டிப்புடவு என்ற குகையில் பெரிய தீர்த்தங்கரர் அமர்ந்திருக்கிறார். மறுபக்கம் படியேறினால் பேச்சிப்பள்ளம், பாறையில் வரிசையாகச் சிற்பங்கள். ஒன்பது பத்தாம் நூற்றாண்டு வட்டெழுத்துகள் ஒவ்வொன்றின் கீழும் அதைச் செய்வித்தவர் பேரைச் சொல்கின்றன. அவற்றில் ஒன்று, அச்சணந்தி என்ற முனிவரின் தாயார் குணமதியார் செய்வித்தது. யானைமலை, அழகர்மலை, கொங்கர்புளியங்குளம் என்று மதுரையைச் சுற்றிப் பாறை பாறையாக அச்சணந்தியின் பேர் இருக்கிறது. மகன் ஊரெல்லாம் சுற்றித் திருமேனிகள் செய்ய, தாய் இங்கே தன் பங்குக்கு ஒன்று செய்வித்திருக்கிறாள். ஆயிரத்து நூறு வருடங்களுக்குப் பிறகும் ஒரு அம்மாவின் பேர் வெயிலில் கிடக்கிறது. அவள் மகனைத்தான் சொற்பொழிவாளர் நம் மனத்தில் எழும் சந்தேகம் என்றார்.

இன்னும் மேலே ஏறினால் மாதேவிப் பெரும்பள்ளி என்று கல்வெட்டு சொல்லும் பள்ளியின் அடித்தளம் மிஞ்சியிருக்கிறது. உச்சியில் விளக்குத்தூண் அருகே ஒரு கன்னடக் கல்வெட்டு. கன்னட நாட்டிலிருந்து ஆட்கள் வந்து போயிருக்கிறார்கள் என்று அதற்குப் பொருள். வந்தவர்களுக்குக் கால் வலித்திருக்கும், தண்ணீர் தவித்திருக்கும். தத்துவத்துக்குக் கால் வலிக்காது. முத்துப்பட்டியிலும் கொங்கர்புளியங்குளத்திலும் விக்கிரமங்கலத்திலும் இரண்டாயிரம் ஆண்டுப் பழமையான தமிழ்ப் பிராமி எழுத்துகளோடு கற்படுக்கைகள் இருக்கின்றன. தலை வைக்கும் பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்திச் செதுக்கியிருக்கிறார்கள். சந்தேகத்துக்குத் தலையணை எதற்கு?

பேச்சிப்பள்ளத்துச் சிற்பங்களில் பார்சுவநாதரைக் கண்டுபிடிப்பது எளிது. தலைக்கு மேல் பாம்பு படம் விரித்துக் குடை பிடித்திருக்கும். தவத்தில் இருந்தவர் மேல் பகைவன் பெருமழையை ஏவியபோது நாகராசன் தரணேந்திரன் வந்து காத்தான் என்பது சமணர் கதை. அவர்களுக்குப் பாம்பு பாதுகாவல். இப்போது பரஞ்சோதியார் திருவிளையாடலின் இருபத்தெட்டாம் படலத்தைப் பாருங்கள். அனந்தகுண பாண்டியன் காலத்தில் சமணர் வேள்வி செய்து ஏவ, அசுரன் ஒருவன் பாம்பாகி மதுரையை விழுங்க வருகிறான். பாண்டியன் அம்பெய்து வீழ்த்துகிறான். அது கக்கிய நஞ்சு ஊரைச் சூழ, சோமசுந்தரர் சடைப்பிறையின் அமுதத்தைத் தெளித்து நஞ்சைப் போக்குகிறார். ஒருவன் தலைக்குக் குடையாக இருந்த பாம்பு, இன்னொருவன் கதையில் ஊருக்கு நஞ்சாகிறது. இரண்டு பாம்புகளுக்கும் நேரடித் தொடர்பு இருந்தது என்று நான் நிரூபிக்கப் போவதில்லை. அந்தக் கேள்வியைக் கேட்கவாவது முடிகிறதே என்பதுதான் எனக்கு முக்கியம். பாம்பு என்றால் கன்மம் என்று கேட்டவர் காதில் அந்தக் கேள்வி ஏறாது.

யானைமலை இதைவிட வளமான இடம். அங்கே தமிழ்ப் பிராமி எழுத்து உண்டு, சமணத் திருமேனிகள் உண்டு. 770-இல் பாண்டியனின் அமைச்சர் மாறன் காரி அதே மலையைக் குடைந்து நரசிங்கப் பெருமாளுக்குக் கோயில் எடுக்கத் தொடங்கினார். முடியுமுன் அவர் இறக்க, தம்பி மாறன் எயினன் முகமண்டபம் கட்டி முடித்தார். பிறகு வந்த சைவக் கதையில், காஞ்சிச் சோழன் சொல்படி எண்ணாயிரம் சமணர் ஏவிய யானையைச் சொக்கநாதர் வேடனாக நின்று கொல்கிறார். எய்த கணை நரசிங்கக் கணை! மலையில் சமணர் இருந்ததற்கும் பதில், மலையடியில் திருமால் இருப்பதற்கும் விளக்கம், இரண்டையும் ஒரே அம்பில் முடித்திருக்கிறார்கள். மூன்று சமயங்கள் ஒரு பாறைக்காக ஆயிரம் வருடம் போட்ட வழக்கின் தீர்ப்பு நகல் மாதிரி இருக்கிறது அந்தப் படலம். கவிராயர்கள் கெட்டிக்காரர்கள். தங்கள் எதிராளி யார் என்று அவர்கள் மறைக்கவில்லை. பேர் சொல்லி, எண்ணிக்கை சொல்லி, எந்த ஊரிலிருந்து வந்தார்கள் என்றும் சொல்லிவிட்டுத்தான் கதையை நடத்தினார்கள். அறுபத்து மூன்றாம் படலத்தில் சமணரைக் கழுவேற்றியதைக்கூட அவர்கள் ஒளிக்கவில்லை. கொடூரம்தான். ஆனால் அங்கே இறப்பவர்கள் மனிதர்கள். அந்தக் கொலையை வைத்துக்கொண்டு நாம் வெட்கப்படலாம், வாதாடலாம், நடந்ததா கதையா என்று ஆராயலாம். 'சந்தேகத்தைக் கழுவேற்றினார்கள்' என்று மாற்றிவிட்டால் வெட்கப்பட என்ன இருக்கிறது?

சித்திரைத் திருவிழாவின் ஆறாம் நாள் மீனாட்சியம்மன் கோயிலில் சைவ சமயம் நிலைநாட்டிய வரலாற்று லீலை இன்றும் நடக்கிறது. 'வரலாற்று' என்ற சொல்லைக் கோயிலே போட்டிருக்கிறது. கோயிலுக்கு இருக்கும் ஞாபகம் சொற்பொழிவாளருக்கு இல்லை.

மக்கள் மறக்கவில்லையா என்று கேட்பீர்கள். மறந்தார்கள். செட்டிப்புடவு என்ற பேரே மறதியில் பிறந்தது. நீண்ட காதோடு சப்பணமிட்டு இருந்தவரைப் பார்த்துச் செட்டியார் என்றார்கள். மேலே சிற்பங்கள் இருக்கும் பள்ளத்துக்குப் பேச்சியம்மன் பேரை வைத்தார்கள். சரித்திரப்படி இரண்டும் தவறு. இருந்தாலும் இந்தத் தவறுகள் மேல் எனக்கு மரியாதை உண்டு. பாறையில் ஓர் ஆள் இருக்கிறார் என்று பார்த்தார்கள், தெரிந்த ஆட்களில் ஒருவர் பேரை வைத்தார்கள், அப்படியே ஆளாக வைத்துக் காப்பாற்றினார்கள். தவறான பேரோடு இருக்கும் ஆளை இன்னொருவர் வந்து சரியான பேர் சொல்லி அழைக்க முடியும். கல்வெட்டு படித்தவர்கள் அதைத்தான் செய்தார்கள். தத்துவமாக ஆவியாகிப் போனவரை எந்தப் பேர் சொல்லிக் கூப்பிடுவது?

'யார்' என்று கேட்டால் என்ன கிடைக்கும் என்பதற்கு உதாரணம் தேட வெகுதூரம் போக வேண்டாம். எங்கள் ஊரைத் தாண்டியதும் மதுரை காமராசர் பல்கலைக்கழகம். அங்கே தொ. பரமசிவன் முனைவர் பட்டத்துக்குச் செய்த ஆய்வை அழகர் கோயில் என்ற நூலாகப் பல்கலைக்கழகமே 1989-இல் வெளியிட்டது. அழகர் ஏன் ஆற்றில் இறங்குகிறார்? சொற்பொழிவாளரைக் கேட்டால் பரமாத்மா சம்சார நதியில் இறங்கி ஜீவாத்மாவைத் தேடுகிறது என்பார். பச்சைப்பட்டு செழிப்பு, சிவப்புப்பட்டு கோபம் என்று தொலைக்காட்சியில் நேரலையாகவே அர்த்தம் சொல்கிறார்கள். தொ.ப. கேட்டது வேறு. பெருமாள் மலையை விட்டு இறங்கும்போது ஏன் கள்ளர் வேடம் போடுகிறார், கையில் ஏன் வளரித்தடி, வழியில் எந்தச் சாதியாருக்கு என்ன மரியாதை, துருத்தியில் தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள் யார், திரியெடுத்து ஆடுகிறவர்கள் யார், அவர்கள் பாடும் வர்ணிப்பு எங்கே அச்சாகிறது? கள்ளருக்கும் இடையருக்கும் பள்ளர், பறையருக்கும் வலையருக்கும் அந்தக் கோயிலோடு உள்ள உறவைப் பிரித்துப் பிரித்து எழுதினார். மாசியில் நடந்த மீனாட்சி கல்யாணத்தைத் திருமலை நாயக்கர் சித்திரைக்குக் கொண்டுவந்து, தேனூரில் இறங்கிக்கொண்டிருந்த அழகரை மதுரைப் பக்கம் திருப்பியதில் ஓர் அரசியல் இருந்ததையும் நாம் இன்று பேசுவதற்கு அப்படிப்பட்ட ஆய்வுகளே காரணம். இன்றும் வண்டியூர் ஆற்றுக்குள் மண்டூக முனிவருக்குச் சாபம் தீரும் மண்டபத்துக்குத் தேனூர் மண்டபம் என்றுதான் பேர். இழந்த ஊர் தன் பேரை மண்டபத்தில் வைத்திருக்கிறது. சம்சார நதியில் தேனூர் எந்தக் கரையில் இருக்கிறது?

மீனாட்சியான தடாதகைக்கும் இதே கதிதான். மூன்று முலையோடு பிறந்த பெண், ஆண்பிள்ளை போல வளர்ந்து, முடிசூடி, திசையெல்லாம் வென்று, கயிலையில் சிவனைக் கண்டதும் ஒன்று மறைகிறது. மூன்றும் இச்சை, கிரியை, ஞானம் என்று விளக்கினார்கள். அப்படியானால் கணவனைக் கண்டதும் மறைந்தது இந்த மூன்றில் எது? இதைக் கேட்டால் யாருக்கும் பதில் தெரியாது. மதுரையோ சித்திரை தொடங்கி ஆவணி வரை அவளுக்குப் பட்டாபிஷேகம் செய்து செங்கோல் கொடுத்து நாலு மாதம் ஆட்சி என்கிறது. மீதி எட்டு மாதம் அவருக்கு. கல்யாணத்துக்கு முன் ஆண்டவள், கல்யாணத்துக்குப் பின் அதிகாரம் பங்கு பிரிந்த விதம் எல்லாம் கண்முன்னே நடக்கிறது. இச்சையும் கிரியையும் சொல்லி அதைப் பார்க்காமல் தாண்டிப் போகிறோம்.

பார்க்காமல் போவதோடு நின்றிருந்தால் சும்மா இருந்திருப்பேன். இந்தப் பழக்கம் சான்றிதழ் கொடுக்கவும் ஆரம்பித்துவிட்டது. அர்த்தம் சொல்ல வருகிற சடங்கு உயர்ந்தது, அர்த்தம் சொல்ல வராதது காட்டுமிராண்டித்தனம். தேங்காய்க்குத் தத்துவம் உண்டு, கிடாய்க்கு இல்லை. 2003-இல் தமிழ்நாட்டில் 1950-ஆம் வருடத்து உயிர்ப்பலித் தடைச் சட்டத்தைத் தூசி தட்டி எடுத்துக் கண்டிப்பாக அமல்படுத்த உத்தரவு வந்தபோது, மதுரைப் பக்கத்துச் சனங்கள் விக்கித்து நின்றார்கள். குலசாமிக்கு நேர்ந்துவிட்ட கிடாயை என்ன செய்வது? அப்போதும் அர்த்தக்காரர்கள் வந்தார்கள். கிடாய் என்பது மனத்தின் மிருக குணம், ஆகவே பூசணிக்காயை வெட்டினாலே போதும் என்றார்கள். மேலமடைப் பாண்டி கோயிலில் கிடாய் வெட்டிப் பந்தி போட்டு, சொந்தக்காரனையும் சண்டைக்காரனையும் ஒரே இலைவரிசையில் உட்கார வைப்பவனுக்குப் பூசணிக்காய் எப்படிப் போதும்? பூசணிக்காயை வைத்து நூறு பேருக்குச் சோறு போட முடியுமா? 2004 பிப்ரவரியில் அரசே அந்த நடவடிக்கையைத் திரும்பப் பெற்றது. சட்டம் போனது, பார்வை போகவில்லை. திருமங்கலம் பக்கம் வடக்கம்பட்டி முனியாண்டி கோயிலில் தை மாதம் பிரியாணிதான் பிரசாதம். அதற்கு இதுவரை யாரும் தத்துவம் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடிக்காமல் இருக்க முனியாண்டி அருள்புரியட்டும்.

கோபுரத்தை எடுங்கள். கோயில் என்பது படுத்திருக்கும் மனித உடல், கருவறை தலை, கோபுரம் பாதம், ஆகவே வெளியே நின்று கோபுரத்தைப் பார்த்தாலே இறைவன் திருவடியைத் தரிசித்த புண்ணியம் என்று மண்டபத்தில் உருகினார்கள். வெளியே நின்று பார்க்க வேண்டிய அவசியம் யாருக்கு இருந்தது? 1939 ஜூலை 8-ஆம் தேதி வைத்தியநாத ஐயர், கக்கன் உள்ளிட்டவர்களை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அழைத்துப் போகும்வரை, அந்த நகரத்தில் ஒரு பெருங்கூட்டத்துக்குத் திருவடிக்கு மேல் அனுமதி இல்லை. போனதும் அர்ச்சகர்களில் ஒரு பகுதியினர் தீட்டென்று விலகி நின்றார்கள். அவர்களுக்கு ஆலயமே உடல் என்ற தத்துவம் தெரியாமல் இருந்திருக்குமா? நம்மைவிட நன்றாகத் தெரியும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். விவேகானந்தர் சிகாகோ போவதற்குத் துணைநின்று, 1897 ஜனவரியில் அவர் திரும்பி வந்தபோது பாம்பனில் வரவேற்றவர் ராமநாதபுரம் பாஸ்கர சேதுபதி. உருவ வழிபாட்டின் உள்ளர்த்தத்தை உலகுக்கே சொல்லிவிட்டு வந்தவருக்கு மன்னர் மரியாதை. அதே 1897-இல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்தார்கள். கோயில் தீட்டுப்பட்டது என்று வழக்குத் தொடுத்தவரும் அதே சேதுபதி. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1908-இல் நாடார்களுக்கு எதிராகவே முடிந்தது. ஒரு மனிதரைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. அவர் காலத்தில் அப்படித்தான் இருந்தார்கள். ஆனால் எவ்வளவு உயர்ந்த உள்ளர்த்தமும் வாசற்படியில் நிற்பவனைக் கவனிக்காமலே ஒளிவீச முடியும் என்பதற்கு இதைவிட நெருக்கமான சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை. நான் நியாயமாக இல்லை, ஒரு சொற்பொழிவாளரின் பாவத்தில் ஒரு நூற்றாண்டைச் சேர்த்துக் கட்டுகிறேன் என்று நண்பர் ஒருவர் சொன்னார். இருக்கலாம். பெரியவரை உட்கார வைத்த கைதட்டல் இன்னும் காதில் இருக்கிறது.

திருமூலரை நினைத்தால் மட்டும் கொஞ்சம் தயங்குகிறேன். முப்புரத்துக்கு அப்படிப் பொருள் சொன்ன அதே பாட்டை அவர் ஒரு கேள்வியில் முடிக்கிறார். அங்கே எய்ததை யார் அறிவார் என்பது போன்ற கேள்வி. பொருள் சொன்ன பிறகும் கதவை ஒருக்களித்து வைத்திருக்கிறார்.

பொங்கல் கழிந்து ஒரு செவ்வாய்க்கிழமை மலையடிவாரத்து ஊர் ஒன்றில் கருப்பசாமி கோயிலுக்குப் போயிருந்தேன். கூரையில்லாத கோயில். சாமிக்கு முன்னால் மண்ணில் நட்ட அரிவாள்கள், ஆள் உயரத்துக்கு ஒன்று, முழ உயரத்துக்கு ஒன்று. சில துருப்பிடித்தவை, சிலவற்றில் எலுமிச்சை குத்தியிருந்தது. பூசாரி குடத்துத் தண்ணீரை ஊற்றித் தரையைக் கழுவிக்கொண்டிருந்தார். சொற்பொழிவு நினைவில் இருந்ததால் கேட்டேன்.

"கருப்பனுக்கு எதுக்குய்யா இத்தனை அருவா?"

"வெட்டத்தான். வேற எதுக்கு சார் அருவா?"

குடத்தைக் கீழே வைத்துவிட்டு ஒவ்வொன்றாகக் காட்டினார். இது வடக்குத்தெருக்காரங்க, களவுபோன மாடு கெடைச்சதுக்கு வச்சது. அந்தப் பெருசு துபாயில இருக்கிற பையனோடது, விசா வந்துச்சுல்ல அதுக்கு. இந்த ரெண்டும் அண்ணன் தம்பி, பாகப்பிரிவினை வழக்கு முடிஞ்சதுன்னு ஆளுக்கொண்ணு. ஓரத்துல பூவு போட்டிருக்கு பாருங்க, அது ஒரு பொம்பளப்புள்ள வச்சது. என்னத்துக்குன்னு நான் கேட்கலை, அதுவும் சொல்லலை.